கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

நிற்கிற மிஷினில் கை வைப்பதற்கு முன்னால் என்று ஆரம்பித்து எங்கள் தாய்மாமா ஒன்று சொல்வார், அண்ணாச்சி. மில்லில் முப்பது வருஷம் ஃபிட்டர். ஷிப்ட் மாறும்போது உள்ளே வருகிற ஒவ்வொரு ஆளிடமும் சொல்லித்தான் அனுப்புவார். 'நிக்கிற மிஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி...' அதற்கு மேல் எனக்கு வரமாட்டேன் என்கிறது. காலையிலிருந்து இந்தப் பாதி மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

உட்காருங்கள், இடம் இருக்கிறது. பையைக் கீழே வைத்துவிடுகிறேன். வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும்.

நீங்கள் அந்த மஞ்சள் வேன் டிரைவர்தானே? காலையில் பார்த்தேன். நீல டீ-ஷர்ட்டில் எட்டுப் பையன்கள். வேன் நின்றதும் நிற்காததுமாகக் குதித்து எட்டுப் பக்கம் ஓடினார்கள். நீங்கள் பாட்டுக்கு டீ குடிக்கப் போய்விட்டீர்கள். நான் இங்கிருந்தே எட்டுத் தலையையும் எண்ண ஆரம்பித்துவிட்டேன். யார் பிள்ளைகளோ, நான் ஏன் எண்ண வேண்டும்? எண்ணினேன்.

எங்களுடையது நாலு பேர். நாலும் பெண்பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பு. இந்தக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் இடது பக்கம் மூன்றாவது மேசை. ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது எங்கே? ஆ, தனியாக அந்தத் தூண் பக்கம் நிற்கிறாள். சரி. நாலு.

பயம் என்று நினைத்துவிடாதீர்கள். பயப்படுகிற ஆளாக இருந்தால் இந்தக் காரியத்தில் இறங்கியிருப்பேனா? ஜெர்மனியில் பத்தொன்பது வருஷம் கார் கம்பெனியில் இருந்தேன். அப்பா படுத்த படுக்கை ஆனதும் ராஜபாளையத்துக்கு வந்தேன். அவர் போன பிறகும் திரும்பிப் போகவில்லை. மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, கற்றதை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்போம் என்று எங்கள் ஊர் கேர்ள்ஸ் ஸ்கூலில் போய்க் கேட்டேன். ரோபோட்டிக்ஸ் என்றதும் அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, "அது பாய்ஸ் ஸ்கூல்ல கேட்டா நல்லா இருக்குமே சார்" என்றார். பாய்ஸ் ஸ்கூலில் கேட்க நான் எதற்கு? இங்கே கேட்பதற்குத்தான் வந்தேன் என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்ன ஆள் நான். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதமாக இந்த நாலு பேரையும் ஒன்றுசேர்த்து வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒருத்தி வீட்டில் ஐந்து மணிக்கு மேல் அனுப்பமாட்டோம் என்றார்கள். சரி, நாலே முக்காலுக்கு முடித்தேன். ஒருத்தி வீட்டில் ஆண் வாத்தியார் தனியாகவா என்றார்கள். நியாயம்தான். தையல் டீச்சர் அமலியைக் கூடவே உட்கார வைத்தேன். அந்த அம்மாவுக்கு என்னைப் பார்த்தாலே கிண்டல். இன்றைக்குக் காலையில் நான் பஸ்ஸில் ஏறியதும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு விசில் கொடுத்தேன். கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், ஏதாவது என்றால் ஊதுங்கள் என்றேன். அமலி டீச்சர் சொல்கிறார், "நாலு பிள்ளைக்கு நாலு விசிலா? போட்டிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா, போலீஸ் செலக்‌ஷனுக்கா சார்?" பிள்ளைகள் சிரிக்கின்றன. ரிஸ்வானா என்று ஒருத்தி, வாய்க்காரி, "சார், உங்களுக்கு ஒண்ணு வாங்கலையா? எங்களைக் காணோம்னா நீங்களும் ஊதலாம்ல" என்கிறாள்.

சிரிக்கட்டும். முந்தாநாள் நான் இந்தக் காலேஜுக்குத் தனியாக பஸ் பிடித்து வந்து பாத்ரூம் எத்தனை அடி தூரம், உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போனது அவர்களுக்குத் தெரியுமா? வாட்ச்மேன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். பார்க்கட்டும்.

குருசாமிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அண்ணாச்சி. அதுதான்.

அதோ, மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு ரோபோ வண்டியின் மேல் குனிந்திருக்கிறாளே, சங்கரேஸ்வரி, அவளுடைய அப்பா. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறி ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி, அது. பேசப் போனால் தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. வெளியே வந்து நின்றார். தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. நான் பத்து நிமிஷம் பேசினேன். விஞ்ஞானம், எதிர்காலம், என்னென்னவோ. எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க கூடவே இருப்பீங்கல்ல சார்?" என்றார். இருப்பேன் என்றேன். "கண்ணு முன்னாடியே வச்சிருப்பீங்கல்ல?" கண் முன்னாலேயே என்றேன். "அப்பச் சரி. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை பாத்துருவோம். ஜெயிச்சு மெட்ராஸ் வரைக்கும் போனா, மேக்கொண்டு அவ என்ன படிக்கணும்னாலும் நான் குறுக்க நிக்கல. போகலைன்னா இத்தோட விட்டுறணும். நீங்களும் இங்க வந்து நிக்கக் கூடாது." மரியாதையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தறியைப் போட்டுவிட்டார். நான் தலையாட்டியது அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ.

மைக்கில் என்ன சொல்கிறான்? பத்தாவது டீமா? எங்களுடையது பதினாலு. இன்னும் இருக்கிறது.

உங்களுக்குப் போட்டி தெரியுமல்லவா? டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு வண்டி. ரிமோட் கிடையாது. ப்ரோகிராம் எழுதி ஏற்றிவிட்டு பட்டனை அழுத்தினால் அதுவாக ஓட வேண்டும். மேசையில் இருக்கிற மரக்கட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கோட்டில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். கோட்டுக்கும் மேசை விளிம்புக்கும் நாலு விரல் இடைவெளி. அந்தப் பக்கம் தடுப்பு கிடையாது. மூன்று ஓட்டம் தருவார்கள். மூன்றில் எது நல்ல ஓட்டமோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு அணிக்கு சென்னை.

முதல் ஓட்டத்தில் விழுந்துவிட்டது.

பத்தரை மணிக்கு. நான் இதே கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன். அழகாகப் போனது, கட்டையை எடுத்தது, திரும்பியது, கோட்டுக்கு வந்தது. நில் என்கிறேன், இங்கிருந்து. நிற்கவில்லை. கோட்டைத் தாண்டிப் போய்த் தலைகுப்புற விழுந்தது. சத்தம் இங்கே கேட்கவில்லை. பிள்ளைகள் நாலும் வாயைப் பொத்தியதுதான் தெரிந்தது.

ஏன் விழுந்தது என்கிறீர்களா? யாருக்குத் தெரியும்? மேசை வழுக்கியிருக்கும். பிள்ளைகள் தொடங்கும்போது நேராக வைத்திருக்க மாட்டார்கள். பதற்றம். முதல் தடவை இத்தனை பேர் முன்னால்.

இப்போது பாருங்கள், ரிஸ்வானா மட்டும் தூண் பக்கம் நிற்கிறாள். முகத்தைத் துடைக்கிறாள். மற்ற மூன்று பேரும் அவளைப் பார்க்கவே இல்லை. இதுதான் பெண்பிள்ளைகளிடம். ஒன்று தவறினால் ஆளுக்கொரு மூலை. உங்கள் பையன்கள் என்றால் அடித்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் சேர்ந்துவிடுவார்கள், இல்லையா?

இல்லை. ஏன் தனியாக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு ஊர், இன்றைக்குச் சாயங்காலத்துக்கு மேல் நாம் பார்க்கப்போவதில்லை. காலையில் வழியில் இட்லிக் கடையில் பஸ்ஸை நிறுத்தினோம். ஆறே முக்கால் இருக்கும். டீச்சரும் பிள்ளைகளும் சாப்பிடப் போனார்கள். நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்தேன், வண்டியையும் லேப்டாப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டுமே. சும்மா திறந்து பார்த்தேன். சும்மாதான். பார்த்தால், சக்கரத்தின் விட்டம் என்று ஒரு எண் எழுத வேண்டிய இடத்தில் அறுபது என்று இருக்கிறது. அந்தச் சக்கரம் ஐம்பத்தாறு மில்லிமீட்டர், அண்ணாச்சி. பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. நான்தான் அவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தேன். இத்தனை மாதம் கழித்து, போட்டிக்குப் போகிற வழியில், இப்படி ஒரு தப்பா? கூப்பிட்டுச் சொன்னால் பயந்துவிடுவார்கள். சாப்பிடுகிற பிள்ளைகளை எதற்குக் கலவரப்படுத்துவது? ஐம்பத்தாறு என்று மாற்றினேன். வண்டியில் ஏற்றினேன். மூடி வைத்தேன். ஒரு எண். இரண்டு இலக்கம். சரியைத்தான் எழுதினேன்.

அங்கே ஒட்டியிருக்கிறதே, பச்சை நோட்டீஸ், அதை இங்கே வந்த பிறகுதான் படித்தேன். வண்டியிலோ ப்ரோகிராமிலோ பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. வைத்திருந்தால் அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் நடுவர் மேசையில் வந்து சொல்லிவிட வேண்டும். அந்த ஓட்டம் மட்டும் ரத்து. கை வைத்தவர் காலேஜ் வளாகத்தை விட்டு வெளியே போய்விட வேண்டும். சொல்லாமல் இருந்து பிறகு தெரிந்தால் அணியே வெளியே. இரண்டு தடவை படித்தேன். நான் வெளியே போனால் இந்தப் பிள்ளைகள்? குருசாமி? கண் முன்னாலேயே என்று சொல்லியிருக்கிறேனே? அமலி டீச்சர் இருக்கிறார், கேண்டீனில். இருந்தாலும் சொன்னது நான்.

ஓட்டம் முடிந்து சங்கரேஸ்வரி தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். பேசலாம், தொடத்தான் கூடாது. பேட்ஜ் போட்ட காலேஜ் பெண் ஒருத்தி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"சார், ப்ரோகிராம்ல அம்பத்தாறுன்னு இருக்கு சார்."

"அதுதானேம்மா சரி?"

"நாங்க அறுபதுல்ல சார் போட்டோம்."

"அப்ப யாராவது கவனிச்சுச் சரிபண்ணியிருப்பீங்க."

"நாங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நீங்க எதுவும் பாத்தீங்களா சார்?"

அந்த பேட்ஜ் போட்ட பெண் திரும்பிப் பார்த்தாள், அண்ணாச்சி. அவள் திரும்பியது என்னைப் பார்க்கத்தானா என்றுகூடத் தெரியாது. நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். "இல்லையேம்மா. நான் பாக்கலையே."

"அப்ப ரிஸ்வானாதான் டைப் பண்ணா" என்றாள், தனக்குத் தானே பேசுகிற மாதிரி. பிறகு, "ஆனா சார், டயருக்குள்ள..." என்று என்னவோ ஆரம்பித்தாள். நேரமாகுதும்மா, உள்ள போ, அம்பத்தாறுதான் சரி, அதையே வச்சு ஓட்டுங்க என்று அனுப்பிவிட்டேன். "சரி சார்" என்றாள். போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் ரிஸ்வானா தூணுக்குப் போனாள்.

பதினொன்றைக் கூப்பிட்டுவிட்டான்.

நான் கெட்டதா செய்தேன்? ஒரு தப்பைத் திருத்தினேன். என் மகளுக்கும் இப்படித்தான். யாழினி. அங்கே பதிமூன்று வயதில் இதே மாதிரி கிளப்பில் இருந்தாள். அவளுக்கு எவ்வளவு உதவி செய்தேன் தெரியுமா? ஆபீஸ் விட்டு வந்து உட்கார்ந்து முழு வண்டியையும் பிரித்துப் பூட்டிக்கொடுப்பேன். போட்டிக்கு முதல் நாள், "அப்பா, இது உங்க ரோபோ, நீங்களே கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அதோடு விட்டுவிட்டாள். அந்த வயதில் பெண்களுக்கு ஆர்வம் குறைந்துவிடும் என்று எங்கேயோ படித்திருந்தேன். அப்படியே ஆயிற்று. அதனால்தான் இந்தப் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது என்று வந்தேன்.

என்ன கேட்டீர்கள்? டயருக்குள்ள என்னவா?

தெரியாது. டயருக்குள் என்ன இருக்கும்? பிளாஸ்டிக் சக்கரம், மேலே ரப்பர் வளையம், அவ்வளவுதான்.

இருங்கள். அவர்களுடைய ரஃப் நோட்டு என் பையில் இருக்கிறது. தினமும் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும் என்பது போட்டி விதி. ஃபேர் நோட்டு நடுவர்களிடம் இருக்கிறது, எட்டாம் தேதி வரைக்கும் நான்தான் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். இது ரஃப். கையெழுத்தைப் பாருங்கள், கோழி கிளறின மாதிரி. ரிஸ்வானாவுடையது. ஓரத்தில் என் படம் வேறு வரைந்திருக்கிறாள், வாயில் விசிலோடு. எப்போது வரைந்தாளோ. இன்றைக்குக் காலையில் பஸ்ஸிலாகத்தான் இருக்கும்.

ஒன்பதாம் தேதி. இதோ. அன்றைக்கு நான் இல்லை, பஸ் பேசப் போயிருந்தேன். 'வண்டி திரும்பும்போது ரப்பர் வழுக்குது. ரப்பர் லூசு. ஈசு அவங்க அப்பா தறியில இருந்து காஸ் துணி கொண்டு வந்தா. சக்கரத்துல ரெண்டு சுத்து சுத்தி மேல ரப்பரை மாட்டினோம். டைட் ஆயிருச்சு. வழுக்கல.' ஈசு என்றால் சங்கரேஸ்வரிதான்.

கீழே பாருங்கள். 'ஆனா சக்கரம் பெருசாயிருச்சு. அமலி டீச்சர்கிட்ட நூல் வாங்கி சுத்தி அளந்தோம். நாலு தடவை. 18.8 செ.மீ. அப்ப விட்டம் 60. ப்ரோகிராம்ல 56ஐ 60னு மாத்தினோம். பத்து தடவை ஓட்டினோம். பத்து தடவையும் கோட்டுல நின்னுச்சு!!' இரண்டு ஆச்சரியக்குறி.

பத்து தடவையும்.

அண்ணாச்சி, சக்கரம் பெரிதாக இருந்து, சின்னச் சக்கரம் என்று ப்ரோகிராமுக்குச் சொன்னால் வண்டி கூடத்தான் போகும். அந்த தூரத்துக்கு எட்டு சென்டிமீட்டர். நாலு விரலுக்கு மேல். விளிம்பைத் தாண்டும். தாண்டியது. நான்தான் தாண்ட வைத்தேன். இப்போது அடுத்த ஓட்டத்திலும் தாண்டும். அதையே வைத்து ஓட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். சார் சொல்லிவிட்டார் என்று அதையே வைத்திருப்பாள். தான் நூல் வைத்து அளந்ததை விட்டுவிட்டு.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வாத்தியார் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான்?

பத்தாம் தேதி. 'சார்கிட்ட 60 பத்தி சொன்னோம். சார் போன்ல இருந்தார். சரி சரின்னு சொன்னார்.'

போனில் இருந்தேன். ஞாபகம் இருக்கிறது. பஸ் முதலாளியிடம் பின்னால் இருக்கிற எமர்ஜென்சி கதவு திறக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் திறக்கும் என்கிறான், நான் திறந்து காட்டு என்கிறேன். எதிரே இரண்டு பேர் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நின்றார்கள், ஆமாம்.

பன்னிரண்டு. பன்னிரண்டா சொன்னான்?

'யார் நிறுத்துனதுன்னு கேளு.' அதுதான் அண்ணாச்சி. நிக்கிற மிஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி, யார் நிறுத்துனது, எதுக்கு நிறுத்துனதுன்னு கேளு. அவ்வளவுதான் மாமா சொன்னது. கேட்காமல் கை வைத்து ஒருத்தனுக்கு விரல் போனதைப் பார்த்தவர்.

சரி, பயம்தான், அண்ணாச்சி. சிரிக்காதீர்கள். இல்லை, நீங்கள் சிரிக்கவில்லை. எனக்கு எதைக் கண்டு பயம் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் பச்சை நோட்டீஸா? நாளைக்கு ஊரில், சாரை வெளியே அனுப்பிவிட்டார்களாம் என்பார்களே, அதுவா? குருசாமி பஞ்சு மீசையோடு வந்து, கண்ணு முன்னாடியே வச்சிருப்பேன்னு சொன்னீங்களே சார் என்று கேட்பாரே, அதுவா? அதெல்லாம்கூட இல்லை. அந்தக் குழந்தை என்னையே பார்த்தாளே, நீங்க எதுவும் பாத்தீங்களா சார் என்று. அவளுக்கு அப்போதே தெரியுமோ? தெரிந்துதான் கேட்டாளோ? தெரிந்திருந்தும் சரி சார் என்று போனாளோ?

பேசாமல் இருக்கலாம். இருந்தால் என்ன? வண்டி இன்னும் இரண்டு தடவை விழும். குருசாமி வீட்டுப் படியில் நான் இனிமேல் நிற்க வேண்டியதில்லை. ரிஸ்வானாதான் எண்ணை மாற்றினாள் என்று மூன்று பேரும் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவளுக்கும் அப்படியே தோன்றிவிடும், நான்தான் தூக்கக் கலக்கத்தில் மாற்றினேனோ என்று. எனக்கும் அதேதான் தோன்றும், பாவம், பெண்பிள்ளைகள், எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் என்று. வெளியே யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் வேறு ஊர்.

ஒன்று, இரண்டு, மூன்று. தூண் பக்கம் ஒன்று.

பதிமூன்றைக் கூப்பிட்டுவிட்டான். அடுத்தது நாங்கள்.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அமலி டீச்சர் வந்தால் கொடுத்துவிடுங்கள், ஊதா சேலை. நோட்டை நான் எடுத்துக்கொள்கிறேன். நடுவர் மேசைக்குப் போய், இன்றைக்குக் காலை ஆறே முக்கால் மணிக்கு அந்த அறுபதை ஐம்பத்தாறாக மாற்றியது நான், ரிஸ்வானா இல்லை என்று நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி மைக்கில் சொல்லச் சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டு, காலேஜ் கேட்டுக்கு வெளியே போய் நிற்கிறேன்.